வீதிக்கும் ஓர் உரிமை உண்டு



கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினத்தைக் கடந்து தொண்டியை நோக்கிச் செல்வோர் மீமிசலை அறிவர். ஒருபுறம் கடல், மறுபுறம் ஆவுடையார்கோவில் வழியாக அறந்தாங்கிக்குப் பிரியும் சாலை. மீன் கூடைகளும், கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளும், வைத்தியத்துக்குப் புறப்பட்ட முதியோரும் ஒருசேரக் காத்து நிற்கும் கடைத்தெரு அது. அண்மையில் ஒரு முற்பகலில் நானும் அங்கே அறந்தாங்கிப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன்.

மோட்டார் சைக்கிளில் இரண்டு இளைஞர்கள் வந்து இறங்கினர். வெளியூர்ப் பிள்ளைகள். கடற்கரைச் சாலை நெடுகிலும் பயணம் செய்து, அதைப் படம் பிடித்து வெளியிடுவது அவர்களின் பொழுதுபோக்கு என்று பேச்சிலிருந்து தெரிந்தது. கடைத்தெருவை எடுத்தனர், மீன் கூடைகளை எடுத்தனர். பிறகு கைபேசி பேருந்துக்குக் காத்திருந்தோர் பக்கம் திரும்பியது. துப்பட்டி போர்த்திய மூதாட்டி ஒருவரும், அவருடைய பேத்தியும், வேறு சில மாணவியரும் அங்கே நின்றனர். மாணவியர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். மூதாட்டி திருப்பவில்லை. நேராகவே கேட்டார்:

“ஏந் தம்பி, எங்களை எதுக்குப் படம் புடிக்கிறே?”

“பொது இடந்தானே பாட்டி! யாரு வேணும்னாலும் எடுக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னான் அந்தப் பிள்ளை. அவன் முரடன் அல்லன். தான் பிழை செய்கிறோம் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை.

பொது இடந்தானே! இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் உங்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

சட்டம் எதுவரை வரும்?

அந்தப் பிள்ளை சொன்னதை முற்றிலும் தவறென்று தள்ளிவிட முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுச் சாலையில் நிற்கும் ஒருவரைப் படம் எடுப்பது என்ற அளவில் மட்டும் அதைக் குற்றமாக்கும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, பிறர் பார்வைக்கு அப்பால் இருப்பதாகப் பெண்ணொருத்தி நம்பியிருக்கும் அந்தரங்க நிலையில் அவளைப் பார்ப்பதையும் படம் எடுப்பதையும் தண்டிக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவும் உடலின் மறைவான பகுதிகளைப் படமெடுப்பதைப் பற்றியதே. குளியலறையும் உடை மாற்றும் அறையும் இவற்றின் எல்லைக்குள் வரும். முழுதாக உடுத்திப் பேருந்துக்கு நிற்கும் பெண் வருவதில்லை.

ஆயினும் சட்டம் அவளை முற்றிலும் கைவிட்டுவிடவும் இல்லை. பெண்ணின் மானத்துக்கு இழுக்கு உண்டாக்கும் நோக்கத்தோடு அவளுடைய தனிமையில் அத்துமீறுவதை 79ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. விடாது பின்தொடர்வதற்கு 78ஆம் பிரிவு உள்ளது. சென்னைக் கல்லூரி மாணவி சரிகா ஷாவின் மரணத்தையடுத்து 1998இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பெண்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் ஒரு பெண்ணுக்கு அச்சத்தையோ வெட்கத்தையோ சங்கடத்தையோ உண்டாக்கும் அநாகரிகச் செயலையே குற்றமாக்கிற்று. 2025இல் அதன் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. இவையெல்லாம் துன்புறுத்தும் எண்ணத்தோடு எடுப்பவனுக்குத்தான். மீமிசலுக்கு வந்த பிள்ளையைப் போல, விளையாட்டாக எடுத்து விளையாட்டாகவே உலகுக்குக் காட்டிவிடுபவனை என்ன செய்வது?

நம் வீடுகளில் ஒருவரேனும் வளைகுடா நாட்டில் இருப்பார். துபாயில் வேலை செய்யும் மகனிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே அவன் கடைவீதியில் அறிமுகமற்ற ஒருவரைப் படம் எடுக்கத் துணியமாட்டான். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் சட்டத்தின்படி, இசைவின்றிப் பிறரைப் பொது இடத்தில் படம் எடுத்தாலும் குறைந்தது 6 மாதச் சிறையோ, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அங்கே கைபேசியை அடக்கி வைத்திருக்கும் அதே மகன், விடுமுறையில் ஊருக்கு வந்ததும் சந்தைக்கடையில் நின்று எல்லாரையும் எடுக்கிறான்! அச்சம் கற்றுத் தந்த மரியாதையை அவன் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறான்.

மாவு மூட்டை விளம்பரத்தில் ஒரு முகம்

இந்தச் சிக்கல் கைபேசியோடு பிறந்ததன்று. 1888இல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் என்பவர் கோடாக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 100 படங்களுக்கான சுருள் அதிலேயே பொருத்தப்பட்டிருந்தது. அதுவரை முக்காலியும் கறுப்புத் துணியும் வைத்து, ‘அசையாமல் உட்காருங்கள்’ என்று கேட்டுத்தான் ஒருவரைப் படமெடுக்க முடியும். ஆகவே அவருடைய சம்மதம் தானாகவே கிடைத்துவிடும். கையடக்கக் கேமரா வந்ததும் சம்மதம் தேவையற்றதாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1890இல், வாரன், பிராண்டைஸ் என்னும் இரு வழக்கறிஞர்கள் ஹார்வர்ட் சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினர். தனித்து விடப்படுவதற்கு ஒவ்வொரு மனிதருக்கும் உரிமை உண்டு என்ற கருத்தைச் சட்ட உலகில் நிலைநிறுத்திய கட்டுரை அது. கேமரா பெருகப் பெருகத்தான் அந்தரங்கத்தின் அருமை மனிதனுக்குப் புரிந்தது போலும்!

அதே நாட்டில் அபிகெயில் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் படத்தை, அவளுக்குத் தெரியாமலே ஒரு மாவு நிறுவனம் விளம்பரத்தில் அச்சிட்டுவிட்டது. 25,000 சுவரொட்டிகள்! கடைகளிலும் மதுக்கூடங்களிலும் அவள் முகம் தொங்கிற்று. தெரிந்தவர்கள் கேலி பேச, அவள் நோயுற்றுப் படுக்கையில் விழுந்தாள். வழக்குத் தொடுத்தாள். 1902இல் நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அவளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அப்படியோர் உரிமை சட்டத்தில் இல்லை என்றது. மக்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே, 1903இல், ஒருவருடைய பெயரையும் படத்தையும் அவர் இசைவின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாதென்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது.

சகோதரிகளே, அந்தப் பெண்ணின் படம் ஆபாசமானதன்று. அழகான, கண்ணியமான படம்தான். ‘அசிங்கமாக எதுவும் எடுக்கவில்லையே’ என்று இன்று சமாதானம் சொல்லும் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் முகத்தை எங்கே தொங்கவிடுவது என்பதை அவளைக் கேளாமலே பிறர் முடிவு செய்ததுதான் அவளை நோயாளியாக்கிற்று.

நம் நாட்டில் இந்த உரிமையைத் தெளிவாக வகுத்த வழக்குகளில் ஒன்று தமிழகத்திலிருந்தே போயிற்று என்பது பலருக்குத் தெரியாது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது, சிறைத்துறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தனர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கில் 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஒருவருடைய குடும்பம், மணவாழ்வு, தாய்மை, கல்வி போன்றவற்றை அவர் இசைவின்றி வெளியிடலாகாது. பொது ஆவணங்களில் பதிவானவை மட்டும் அதற்கு விலக்கு. அந்த விலக்கிலும் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களின் பெயர் வெளிவரக் கூடாது. ஆனால் அரசு ஊழியர் தம் கடமையைச் செய்யும் விதத்தைப் பற்றி எழுதுவதை அந்தரங்கம் என்று சொல்லித் தடுக்க முடியாது. இந்தக் கடைசிப் பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருவோம்.

2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் தம் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை, அது இடத்தைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மீமிசல் மூதாட்டிக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் அதுவேதான்.

கண் பார்ப்பதும் கருவி பார்ப்பதும்

‘வீதியில் நின்றால் நாலு பேர் பார்க்கத்தானே செய்வார்கள்? பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் என்ன வேற்றுமை?’ என்று சிலர் வாதிடுகின்றனர்.

வேற்றுமை பெரிது. வீதியில் உங்களைப் பார்ப்பவரை நீங்களும் பார்க்கிறீர்கள். அவர் முறைத்தால் முகம் சுளிக்கலாம், விலகி நிற்கலாம். பேருந்து வந்ததும் அவர் ஒரு திசையில், நீங்கள் ஒரு திசையில். மாலைக்குள் அவர் உங்களை மறந்துவிடுவார். கருவி மறப்பதில்லை. அது பார்த்ததை அந்த வேளையிலிருந்தும் இடத்திலிருந்தும் பெயர்த்தெடுத்து, நீங்கள் ஒருபோதும் காணப்போகாத ஆயிரம் பேர் முன் நிறுத்துகிறது. அவர்கள் உங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் அவர்களைப் பார்க்க முடியாது. எவரும் விரும்பிய சொல்லை அடியில் எழுதலாம், விரும்பிய பாட்டைப் பின்னணியில் சேர்க்கலாம்.

முன்பெல்லாம் நம் திருமண வீடுகளில் வீடியோ எடுக்கலாமா, கூடாதா என்று எத்தனை சச்சரவு நடந்தது! பெண்கள் பக்கம் விளக்கோடு நுழையும் வீடியோக்காரரை மூத்த பெண்கள் விரட்டியதைக் கண்டவர்கள் நம்மில் உண்டு. அந்தக் கேசட் மணமக்கள் வீட்டுப் பீரோவில்தான் உறங்கியது. விருந்தினர் வந்தால் வெளியே வரும். அவ்வளவு சிறிய வட்டத்துக்கே அத்தனை கட்டுப்பாடு கேட்டவர்கள் நாம். இன்று அதே திருமணப் பந்தியில் நூறு கைபேசிகள் நீள்கின்றன. விரட்டுவதற்கு ஒரு வீடியோக்காரர் இல்லை, எல்லாரும் வீடியோக்காரர்கள்.

படம் பகைவர் கையில் சிக்கினால் என்னவாகும் என்பதையும் நாம் பட்டறிந்திருக்கிறோம். 2021 ஜூலையிலும், 2022 ஜனவரி முதல் நாளிலும், நம் சமுதாயப் பெண்களின் படங்களை இணையத்திலிருந்து திருடி, அவர்கள் ‘ஏலத்துக்கு’ இருப்பதாகக் காட்டிய செயலிகள் வெளிவந்தன. பத்திரிகையாளர், சமூகப் பணியாளர் எனப் படித்த, துணிந்த பெண்களே குறிவைக்கப்பட்டனர். டெல்லியிலும் மும்பையிலும் வழக்குகள் பதிவாயின, இளைஞர்கள் கைதாயினர். அவர்கள் கையாண்டவை அந்தப் பெண்கள் தாமே வெளியிட்டிருந்த சாதாரணப் படங்கள். ‘பொதுவில் இருந்ததுதானே’ என்ற அதே வாதம், அங்கே எத்தகைய கோர முகத்தோடு வந்து நின்றது பார்த்தீர்களா?

அப்போது நாம் கொதித்தோம், கொதித்தது நியாயமே. ஆனால் ஓராண்டு கழிந்து வேலூரில் நடந்ததை எண்ணும்போது தலை குனிய வேண்டியிருக்கிறது.

கோட்டைக்குள் நடந்த கொடுமை

2023 மார்ச் 27. ரமளான் பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே மதிலுக்குள் அமைந்த வேலூர்க் கோட்டைக்கு, ஹிஜாப் அணிந்த பெண்ணொருத்தி ஆண் நண்பர் ஒருவருடன் வந்திருந்தாள். சில இளைஞர்கள் அவர்களை வழிமறித்தனர். ஹிஜாபைக் கழற்றும்படி அவளை வற்புறுத்தினர். அதைக் கைபேசியில் பதிவு செய்து சமூக ஊடகத்தில் பரப்பியும் விட்டனர். சில நாட்களுக்குள் காவல்துறை 17 வயதுச் சிறுவன் ஒருவன் உட்பட 7 பேரைப் பிடித்தது. அந்தக் காட்சியை மேலும் பகிர்வோர் மீதும் நடவடிக்கை உண்டென்று மாவட்டக் காவல்துறை எச்சரித்தது.

முதலில் செய்தி கேட்டபோது, நம்மீது பகை கொண்ட யாரோ செய்திருப்பார்கள் என்றே பலரும் எண்ணினோம். கைதானவர்களின் பெயர்கள் நாளேடுகளில் வந்தபோது, அவற்றுள் பல நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் ஆசையோடு சூட்டும் பெயர்களாகவே இருந்தன.

அவளைத் திருத்துவதாகவே அந்தப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கலாம். ‘தீமையைத் தடுப்பது எங்கள் கடமை’ என்று சொல்லும் இளைஞர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சொல் எங்கே வருகிறது என்று பார்ப்போம். பாதையோரங்களில் உட்காருவதைத் தவிர்க்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம் கூறினார்கள். உட்கார்ந்து பேச எங்களுக்கு வேறிடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டனர். அப்படியாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் நபியவர்கள். எது அந்த உரிமை என்று கேட்கப்பட்டபோது வரிசைப்படுத்திச் சொன்னார்கள்: பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்கு மறுமொழி கூறுவது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான செய்தி இது.

வரிசையைக் கவனியுங்கள். தீமையைத் தடுப்பது நான்காவதாக வருகிறது. முதலாவது பார்வையைத் தாழ்த்துவது. இரண்டாவது தொல்லை தராதிருப்பது. வேலூர்க் கோட்டையில் அந்தப் பிள்ளைகள் முதல் மூன்றையும் காலில் போட்டு மிதித்துவிட்டு நான்காவதற்குத் தாவினார்கள். பார்வையைத் தாழ்த்தாதது மட்டுமன்று. தாம் பார்த்ததை ஊரார் அனைவரையும் பார்க்க வைத்தார்கள். ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள், அவளுடைய தலைத் துணியைத் தாமே விலக்கச் சொன்னார்கள் என்றால் இதைவிட முரண் உண்டா?

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு வரலாறு கூறப்படுவதுண்டு. இரவில் நகர்வலம் வந்த அவர்கள், ஒரு வீட்டினுள் தகாத செயல் நடப்பதாக ஐயுற்று மதிலேறிக் குதித்தார்கள். உள்ளே இருந்தவரோ, ‘நான் ஒரு தவறு செய்தேன், நீங்கள் மூன்று செய்துவிட்டீர்கள். துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தீர்கள்’ என்ற பொருளில் மறுமொழி கூறினாராம். கலீஃபா அவரை விட்டுத் திரும்பினார்கள். ஆட்சித் தலைவருக்கே அந்த அதிகாரம் இல்லையென்றால், கோட்டை வாசலில் நிற்கும் இளைஞனுக்கு யார் கொடுத்தது? பிறர் குறையைத் துருவுவதைத் திருமறையின் 49ஆம் அத்தியாயம் தெளிவாகவே விலக்கியிருக்கிறது.

எடுக்க வேண்டிய படமும் உண்டு

இவ்வளவும் சொன்னதால் கைபேசியே பகை என்று கருதிவிடாதீர்கள். எடுத்தே தீர வேண்டிய படங்களும் உண்டு.

2025 ஜூன் மாத இறுதியில், மீமிசலுக்குத் தொலைவில்லாத சிவகங்கை மாவட்டத்தில், மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் காவல்துறை விசாரணையின்போது தாக்கப்பட்டு உயிரிழந்தார். அவர் அடிக்கப்பட்டதை மறைவிடத்திலிருந்து ஒருவர் கைபேசியில் பதிவு செய்திருந்தார். அந்தப் பதிவு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் முன் வைக்கப்பட்டது, காவலர்கள் கைதாயினர், வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தைக் காவலர் முழங்காலால் அழுத்திக் கொன்றதை உலகறியச் செய்ததும், தெருவில் நின்ற 17 வயதுச் சிறுமி எடுத்த படம்தான்.

இவர்களும் கேளாமல்தான் எடுத்தார்கள். ஆனால் யாரை எடுத்தார்கள்? ஆயுதமும் அதிகாரமும் உடையவர்கள் தம் கடமையில் செய்த கொடுமையை எடுத்தார்கள். 1994 தீர்ப்பின் கடைசிப் பகுதியை நினைவில் வைக்கச் சொன்னேனல்லவா? அந்தரங்கம் எளியவருக்கான கவசம். அதிகாரத்தில் இருப்பவர் தம் அத்துமீறலை மறைத்துக்கொள்ளும் திரையாக அது ஆகிவிடக் கூடாது. ஆகவே கைபேசியை உயர்த்துமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: நான் எடுப்பது வலியவரின் அநீதியையா, எளியவரின் இயல்பு வாழ்வையா? முதலாவதாயின் எடுத்து, வழக்கறிஞரிடமோ நீதிமன்றத்திடமோ சேர்ப்பியுங்கள். அங்கும் கூட, அடிபட்டவரின் முகத்தை ஊர் முழுக்கச் சுற்றவிடத் தேவை இராது.

இந்தக் கேள்வியை நம் சொந்தக் காரியங்களிலும் கேட்க வேண்டும். 2018 நவம்பர் 16இல் வீசிய கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் எப்படிப் புரட்டிப் போட்டது என்பதை மறந்திருக்க மாட்டோம். கூரை இழந்த மக்களுக்கு அரிசியும் தார்ப்பாயும் வண்டி வண்டியாக வந்தன. கூடவே கேமராக்களும் வந்தன. ஒரு பை அரிசியைக் கொடுப்பவர் இருவர் பிடிக்க, வாங்குபவர் ஒருவர் பிடிக்க, நிமிர்ந்து பார்க்கச் சொல்லி எடுக்கப்பட்ட படங்கள் எத்தனை! ரமளானில் ஃபித்ரா அரிசி கொடுக்கும்போதும், ஏழைப் பெண்ணுக்குத் தையல் இயந்திரம் வழங்கும்போதும் இன்றும் அதுவே நடக்கிறது. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். கணக்குக்குப் பட்டியலும் கையொப்பமும் போதாவா? அடுத்த ஆண்டு அவள் மகளுக்கு வரன் பார்க்கும்போது, அந்தப் படம் எவர் கைபேசியிலோ இருக்கும். கொடுத்ததைச் சொல்லிக்காட்டி நோகடிப்பது தர்மத்தைப் பாழாக்கும் என்று ஓதி வளர்ந்த நாம், சொல்லாமல் படமாகவே காட்டிவிடுகிறோம். வேலூர்ப் பிள்ளைகளைக் குறை சொல்லுமுன் இந்தப் பெரியவர்களை என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து சேரும் படம்

தாய்மார்களே, தந்தைமார்களே! இனி உங்களிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும்.

உங்கள் மகள் பேருந்துக்கு நின்றதையோ, தோழியரோடு சிரித்துப் பேசியதையோ எவனோ எடுத்து வெளியிட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மாலைக்குள் அது உறவினர் குழுக்களில் சுற்றும். ‘உங்க பொண்ணு மாதிரி இருக்கே’ என்று ஒருவர் அனுப்புவார். அன்றிரவு பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கும்? அவள் ஏன் அங்கே நின்றாள், ஏன் சிரித்தாள், முகத்திரை ஏன் விலகியிருந்தது என்ற விசாரணை. பிறகு, ‘படித்தது போதும்’ என்ற தீர்ப்பு.

எடுத்தவன் அடுத்த ஊர் போய்விட்டான். அவனுக்கு ஒன்றுமில்லை. குற்றம் செய்யாத பிள்ளைக்குக் கல்லூரி பறிபோகிறது. சட்டத்தில் உள்ள ஓட்டையைவிட, நம் வீடுகளில் உள்ள இந்த அச்சம்தான் அத்தகையவர்களுக்குப் பெருந்துணை. படத்தைக் காட்டி மிரட்டுபவனும் இதை நம்பியே மிரட்டுகிறான். வீட்டில் சொன்னால் தன் படிப்பு போய்விடும் என்று அவள் அஞ்சும்வரைதான் அவன் கை ஓங்கியிருக்கும். ‘உம்மா, இப்படி ஒருத்தன் எடுத்துட்டான்’ என்று அவள் முதலில் உங்களிடம் ஓடி வரவேண்டும். அதற்கான தைரியத்தை அவளுக்கு இன்றே கொடுத்து வையுங்கள்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கோபத்தில் எதையும் அழித்துவிடாமல், வெளியான பக்கத்தின் முகவரியையும் திரையில் தெரிவதன் படத்தையும் முதலில் சேமித்து வைக்க வேண்டும், அதுவே சான்று. அந்தச் சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் செய்யலாம். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அத்தகைய அலுவலர் ஒருவரை அவர்கள் நியமித்திருக்க வேண்டும். அந்தரங்கமான, அல்லது திரித்து ஒட்டப்பட்ட படமாயின் மிகக் குறுகிய காலத்துக்குள் அகற்றியாக வேண்டும். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணும், பெண்களுக்கான 181 என்ற எண்ணும் உள்ளன. மாவட்டத் தலைநகரில் இணையக் குற்றக் காவல் நிலையம் உண்டு. புகார் கொடுக்கப் போகும்போது அத்தாவும் கூடப் போனால், அவளுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை.

நம் ஜமாஅத்துகளும் ஒன்று செய்யலாம். ஜும்ஆ மேடையில் பெண்பிள்ளைகளின் உடையைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஒரு பகுதியை, ஆண்பிள்ளைகளின் கைபேசியைப் பற்றிப் பேச ஒதுக்கலாம்.

மீமிசலுக்குத் திரும்புவோம். பேச்சைக் கேட்டு எதிரே இருந்த தேநீர்க் கடைக்காரர் இறங்கி வந்தார். அதட்டவில்லை. “தம்பி, எங்க ஊருக்கு வந்திருக்கீங்க, டீ குடிங்க. பெரியவங்க வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க” என்றார். அந்தப் பிள்ளைக்கு முகம் சற்றே வாடிற்று. “அழிச்சிடுறேன் பாட்டி” என்று கைபேசியை அவர் முன்னாலேயே நீட்டி, படத்தை நீக்கிக் காட்டினான். நல்ல பிள்ளைதான்.

மூதாட்டி அந்தத் திரையைக் கூர்ந்து பார்த்தார். “இதுல அழிச்சிட்டே. அதுக்கு முந்தியே யாருக்கும் அனுப்பிடலையே?” என்று கேட்டார்.

அவன் உடன் வந்தவனைப் பார்த்தான். உடன் வந்தவன் தன் கைபேசியைப் பார்த்தான். “கொஞ்ச நேரம் லைவ்ல போச்சு பாட்டி...” என்றான் தயக்கத்தோடு. அவருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. பேத்திக்கு விளங்கிற்று. அறந்தாங்கிப் பேருந்து வந்து நின்றது. வண்டியில் ஏறிய பிறகும் அவள் தன் கைபேசியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டே இருந்தாள்.